சுண்டுவிரலைக் கொடுக்காத பெரணி

வேப்பெண்ணெய்ப் புட்டியையும் பழைய பல் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு போய், பெரணிச் செடியின் இலையைத் திருப்பிப் பிடித்து, அடியில் வரிசையாக இருந்த பழுப்புப் புள்ளிகளை ஒன்று விடாமல் தேய்த்து எடுத்தாயே, அது நீதான். பூச்சி விழுந்துவிட்டது என்று பக்கத்து வீட்டில் வேறு சொன்னாய். அதோடு விட்டாயா? "வாங்கி வந்து எட்டு மாசம் ஆச்சு, ஒரு பூவைக் காணோம்" என்று தொட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் மொட்டைமாடி வெயிலில் வைத்தாய். பெயரைச் சொல்லவில்லை, யாரென்று உனக்கே தெரியும். பேசி முடித்த பேரத்தில் வாக்கு மாறியிருக்கிறாய். எந்தப் பேரம் என்று முழிக்காதே. உட்கார், கேள்.

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்குக் காலும் இருந்தது, வாயும் இருந்தது. யாரும் ஓர் இடத்தில் வேர்விட்டு நிற்கவில்லை. வேண்டிய இடத்துக்கு நடந்து போனார்கள். எல்லாருக்கும் ஒரே பச்சை. பூ என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. பிள்ளை வேண்டுமென்றால் அவரவர் உடம்பிலிருந்து பொடியாக உதிர்த்துக்கொள்வார்கள். அதற்காக யார் வாசலிலும் போய்க் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.

பெரணி மலையிலிருந்து அடிவாரத்துச் சந்தைக்குப் பிழைக்க வந்தவள். சொந்தம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. கையில் இருந்தது ஒரே ஓர் இலை. இன்றைக்கு நீ பார்க்கிற கிழிசல் இலை இல்லை அது. வாழையிலை மாதிரி முழு இலை, ஓர் ஆள் படுத்து உருளலாம். அதை வைத்துத்தான் அவள் பிழைத்தாள்.

எப்படி என்றால், மாட்டுச் சந்தையில் பார்த்திருப்பாய். விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். இரண்டு பேர் கையின் மேலும் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அந்தச் சந்தையில் துண்டு பெரணியின் இலைதான். இரண்டு பேருக்கு நடுவில் இலையை நீட்டிக்கொண்டு நிற்பாள். பேரம் முடிந்தால் அவளுக்கு ஒரு குடம் தண்ணீர் கூலி. இலைக்கடியில் நடப்பது எதையும் வெளியே சொல்லக் கூடாது என்பது தொழில் கட்டு. அவள் சொன்னதில்லை. ஆனால் இலைக்கடியில் நடப்பது இலைக்குத் தெரியாமல் போகுமா? ஒவ்வொரு விரலும் அவள் மேல் உரசிக்கொண்டுதான் போய்வந்தது. அடிபட்டு, ஏமாந்து, ஏமாந்தவர்களைப் பார்த்து, அவள் படித்த பள்ளிக்கூடம் அதுதான்.

ஒரு நாள் சந்தைக்குக் கருவண்டு வந்தான். வெயில் முதலாளியின் தரகன். கறுப்புச் சட்டை, மினுமினுப்பு, வாயைத் திறந்தால் ரீங்காரம்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க! முதலாளி புதுச் சரக்கு அனுப்பியிருக்காரு. நிறம் இருக்கு, வாசனை இருக்கு, தேன் இருக்கு. எத்தனை நாளைக்கு இப்படிப் பச்சையாவே திரிவீங்க? வாங்க, கையைக் குடுங்க!"

கூட்டம் முண்டியடித்தது. பெரணி இலையை விரித்தாள். முதல் ஆளாகக் கை நீட்டியது அவளுடைய ஒரே சிநேகிதி செம்பருத்தி.

வண்டு ஆள்காட்டி விரலைப் பிடித்தான், நிறம். நடுவிரலைத் தொட்டுத் தொட்டு விட்டான், வாசனை கொஞ்சம்தான் என்று அர்த்தம். மோதிரவிரலை அழுத்தினான், தேன். இந்த மூன்றும் அவன் கொடுப்பது. அப்புறம் ஓசைப்படாமல் சுண்டுவிரலை மடக்கினான். அதுதான் அவன் எடுப்பது. பெரணிக்குச் சிலிர்த்தது. சுண்டுவிரல் என்றால் பிள்ளை. இனிமேல் அவன் வந்து உட்கார்ந்து எழுந்து போனால்தான் செம்பருத்திக்குப் பிள்ளை, வராவிட்டால் இல்லை.

வாய் திறந்தால் தொழில் கட்டு மீறிப்போகும். பெரணி செம்பருத்தியின் காலை ஓங்கி மிதித்தாள்.

"ஆ! எதுக்கு மதினி மிதிக்க?"

பெரணி கண்ணால் வேண்டாம் என்றாள்.

"பொறாமையப் பாரு," என்றாள் செம்பருத்தி. கட்டைவிரலை வண்டின் கட்டைவிரலோடு சேர்த்து அழுத்தினாள். பேரம் முடிந்தது. இலையை எடுத்தபோது அவள் தலையில் தட்டளவு சிவப்பு நின்றது. சந்தையே வாயைப் பிளந்தது.

அரளி கொடுத்தாள். பிச்சி கொடுத்தாள். தாமரை குளத்திலிருந்து ஏறி வந்து கொடுத்துவிட்டு இறங்கினாள். பத்து நாளில் மலையடிவாரம் முழுக்க நிறமாகிவிட்டது. பெரணிக்கு வீடு நிறையக் குடம் சேர்ந்தது, தண்ணீர் மட்டும் தொண்டையில் இறங்கவில்லை.

பதினோராம் நாள் செம்பருத்தி வந்தாள். சிவப்பு அப்படியே இருந்தது, முகம்தான் வாடியிருந்தது.

"மதினி, அந்த வண்டு என் பக்கமே வரல. எங்கிட்ட வாசனை இல்லன்னு பிச்சிகிட்டப் போயிருதான். எனக்கு ஒரு பிள்ளை தங்கல."

"மிதிச்சேன்லா?"

"மிதிச்ச. நான்தான் கிறுக்கச்சி." செம்பருத்தி மூக்கைச் சிந்தினாள். "எவளாவது என் கையை ஒடிச்சு நட்டு வச்சாத்தான் இனி என் வம்சம்." இன்றைக்கும் செம்பருத்தியை அப்படித்தான் கம்பொடித்து நடுகிறாய், இல்லையா?

மறுநாள் உச்சிவேளை. கருவண்டு பெரணியின் முன்னால் வந்து நின்றான்.

"எல்லாருக்கும் இலை பிடிச்ச. ஒனக்கு ஒண்ணும் வேண்டாமா தாயி? சந்தையிலயே நீ ஒருத்திதான் பாக்கி. முதலாளி வருத்தப்படுதாரு."

"என்ன தருவாரு?"

"ஏழு நிறமும் ஒருத்திக்கே. யாருக்கும் குடுக்காதது."

பெரணிக்கும் ஆசை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஏழு நிறத்தோடு மலைக்குத் திரும்பி நடந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். அப்போது அவள் உடம்பில் பொடி கட்டியிருந்த நேரம். நூற்றுக்கணக்கில் பிள்ளைகள், கடுகைவிடச் சின்னதாக, தோளில் ஒட்டிக்கொண்டு கிடந்தன.

தன் இலையைத் தானே தன் கைமேல் போட்டுக்கொண்டாள். உள்ளே கை நீட்டினாள். வண்டு மூன்று விரலையும் தாராளமாக அழுத்திவிட்டுச் சுண்டுவிரலுக்கு வந்தான்.

"அதை விட்டுட்டுப் பேசும் அண்ணாச்சி," என்றாள் பெரணி, வாயாலேயே. சந்தை திரும்பிப் பார்த்தது.

"பேரத்துல வாய் பேசக் கூடாது."

"விரலால சொன்னா ஒமக்கு வெளங்கல. நிறத்துல நாலைக் கொறச்சுக்கிடும். தேனும் வேண்டாம். சுண்டுவிரலை விடும்."

"அது இல்லாம சரக்கே கிடையாது. எல்லாரும் குடுத்தாச்சு. நீ மட்டும் பெரிய இவளா?"

"எல்லாரும் என்ன குடுத்தாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. எனக்குத் தெரியும். நான்லா இலை பிடிச்சேன்!"

சொல்லிவிட்டு அவள் செய்த காரியம் ஒன்றுதான். ஐந்து விரலையும் உள்ளே மடக்கி முஷ்டியை மூடினாள்.

வண்டு ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தான். பிரியவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். இலை மேலும் கீழும் ஆடியது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. இலையைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு கிழி, அந்தப் பக்கம் ஒரு கிழி. நடு நரம்பு வரை கிழித்துக்கொண்டே போனான். ஒரு முழு இலை நூறு துண்டாகத் தொங்கியது. உள்ளே முஷ்டி மூடியபடியே இருந்தது.

"நல்லாப் பாத்துக்கிடும், கை இன்னும் மூடித்தான் இருக்கு," என்றாள் பெரணி. கண்ணில் தண்ணீர் முட்டியது. கீழே விழ விடவில்லை.

மேலிருந்து முதலாளியே பேசினார். சந்தைக்குச் சூடு ஏறியது.

"பூ இல்லாத செடியை எவன் பாப்பான்? என் கண்ணு படுற இடத்துல நீ நிக்கக் கூடாது. நின்னா கருக்கிருவேன்."

"நிக்கல முதலாளி. ஒம்ம கண்ணு படாத இடமாப் பாத்துப் போறேன். அங்கயும் பச்சையாத்தான் இருப்பேன். எட்டிப் பாத்து எரிச்சல் படும்."

நடந்தாள். வெயில் பின்னாலேயே வந்தது. தோளில் இருந்த பிள்ளைகள் சூட்டில் உதிர ஆரம்பித்தன. பத்து, இருபது. பெரணி நின்றாள். மிச்சம் இருந்தவற்றை மறு கையால் அள்ளிக் கிழிந்த இலைக்கு அடியில் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டாள், நரம்பின் இரண்டு பக்கமும் வரிசை பிசகாமல். இத்தனை நாள் அடுத்தவன் ரகசியத்தை மூடிய இலை அது. அன்றைக்குத்தான் முதல் தடவை அவள் பொருளை மூடியது.

ஓடைக்கு மேலே ஒரு பாறை இடுக்கு. தண்ணீர் சொட்டும், மங்கலாக வெளிச்சம் உண்டு, வெயில் கிடையாது. அதில் போய்ப் பதுங்கினாள். இடுக்கு கையளவுதான். பிள்ளைகள் விழுந்து முளைக்க மண் இல்லை. விழுந்தால் ஓடையோடு போய்விடும். இலைக்கடியில் அவை முற்றிக் கறுத்துக்கொண்டிருந்தன. இன்னும் எத்தனை நாள் பிடித்துவைப்பது?

அப்போது குடத்தோடு வந்தாள் உலகம்மாள். அடிவாரத்தில் புது வீடு கட்டியவள், கறாரான பொம்பளை. குடத்தை வைத்துவிட்டு இடுக்கை உற்றுப் பார்த்தாள்.

"ஏ தாயி, இந்த இருட்டுலயும் பச்சையா நிக்கியே! என் வீட்டுக் கிணத்தடிச் சுவரு இப்படித்தான். வெயிலே படாது. அரளியக் கொண்டு வச்சேன், செத்துப்போச்சு. பிச்சிய வச்சேன், ஓடிப்போச்சு. நீ வாரியா?"

"பூக்க மாட்டேன்."

"பூவா கேட்டேன்?"

பெரணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பின்னால கேப்ப. அதனால இப்பவே பேசிருவோம். பூ கேக்கக் கூடாது."

"சரி."

"வெயில்ல தூக்கி வைக்கக் கூடாது."

"எனக்கு வேற சோலி இல்லையா? சரி."

"இலைக்கடியில இருக்கது என் பிள்ளைங்க. கண்ணால பாக்கலாம், கை வைக்கக் கூடாது. தானா விழணும்."

"எல்லாத்தையும் நீயே கேட்டா எனக்கு என்னட்டி கெடைக்கும்?"

"வருசம் முழுக்கப் பச்சை. பூ ரெண்டு நாள்ல வாடும், நான் வாட மாட்டேன். சோறு பொங்கி எறக்கிட்டுக் கிணத்தடிக்கு வந்து உக்காரு, கண்ணு குளிரும்."

உலகம்மாள் யோசித்தாள். "எரு, சாணி எல்லாம் என்னால சுமக்க முடியாது. குடத்துல சிந்துற தண்ணிதான்."

"ரெண்டு தடவை சிந்தணும். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

"கோடையிலயா, எப்பவுமா?"

"கோடையில ரெண்டு. மழைக்காலத்துல நீ சிந்தவே வேண்டாம்."

உலகம்மாள் சிரித்துவிட்டாள். "ஒங்கூடப் பேசி மீள முடியாது. கையக் குடு."

கிழிந்த இலைக்கு அடியில் இரண்டு கையும் சேர்ந்தன. பெரணியின் முஷ்டி இன்னும் மூடித்தான் இருந்தது; சந்தையில் மூடியது. உலகம்மாள் பிரிக்கவில்லை. ஈரக் கையை அதன்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மெல்ல, சுருள் சுருளாக, விரல் விரலாக, முஷ்டி தானே அவிழ்ந்தது. சுண்டுவிரல் கடைசியாக அவிழ்ந்தது. உலகம்மாள் அதைத் தொடவில்லை. கட்டைவிரலை மட்டும் அழுத்தினாள்.

"இந்தப் பேரம் எனக்கு மட்டுமா?" என்று கேட்டாள்.

"ஒங்கூட்டத்துக்கே. எவ வீட்டுல நான் நின்னாலும் இதே பேச்சுத்தான்."

"சரி," என்றாள் உலகம்மாள்.

கிணற்றடியில் பெரணி வேர்விட்டாள். அடுத்த மழையில் பிள்ளைகள் தானாக உதிர்ந்தன. ஈரச் சுவர் முழுக்க நகத்தளவு பச்சைப் பொட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு பிள்ளை. உச்சிவேளையில் முதலாளி கிணற்றடியை எட்டிப் பார்த்தார். சுவரெல்லாம் பச்சை. அவருக்கு எரிந்தது. பெரணி அசையவில்லை.

அன்று முதல்தான் பெரணியின் தளிர் மூடிய முஷ்டியாகவே மண்ணைவிட்டு வருகிறது. நிழலும் ஈரமும் பார்த்துத்தான் விரலை அவிழ்க்கிறது. இலை கிழிந்தே இருக்கிறது, பிள்ளைகள் அதன் அடியிலேயே வரிசையாக இருக்கின்றன, பூ மட்டும் இன்றுவரை இல்லை.

இப்போது தெரிகிறதா நீ எதைத் தேய்த்து எடுத்தாய் என்று? உலகம்மாள் கட்டைவிரலை அழுத்தியது உனக்கும் சேர்த்துத்தான். தன் தரப்பில் பெரணி ஒரு நாளும் பிசகவில்லை. எட்டு மாதமும் உன் வீட்டில் பச்சையாகத்தான் நின்றாள். நீதான் மூன்று வாக்கையும் ஒரே வாரத்தில் மீறினாய். தெரியாது என்று சொல்லாதே, இப்போது தெரியும். வேப்பெண்ணெய்ப் புட்டியைக் கீழே வை. மாடிக்குப் போ. நடுவில் பார், கருகாமல் ஒரு முஷ்டி இன்னும் மூடியபடி இருக்கும். தொட்டியைத் தூக்கிக் கொண்டுவந்து குழாயடிச் சுவரோரம் வை. அவளுக்குச் சேர வேண்டிய தண்ணீரைச் சிந்து. நாளைக்கு இல்லை, இன்றைக்கே.