தேக்கிலைக்கு அடியில் ஒரு பேரம்

தேக்கும் மூங்கிலும் மண்டிக் கிடந்த ஒரு காட்டில் பூவாயி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். அவளுடைய கணவன் பெயர் காத்தமுத்து. சாய்ந்து விழுந்த ஒரு மருதமரத்தின் வேரடியில் இருவரும் குடியிருந்தார்கள். வெயில் காலத்துக்கு அது சுகமான இடம்தான். மழை வந்துவிட்டாலோ மேலேயும் ஒழுகும், கீழேயும் ஊறும்.

பூவாயி அப்போது பிள்ளைத்தாச்சி. ஐப்பசி மழை பிடிக்கும் நேரத்தில் குட்டி பிறந்துவிடும். போன வருஷம் ஈரத்தில் பிறந்த குட்டி ஒன்றை அவள் பறிகொடுத்திருந்தாள். அந்தத் துக்கம் இன்னும் ஆறவில்லை. மழைக்கு முன்னால் உலர்ந்த வளை ஒன்றை வாங்கியே தீர வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். முள்ளம்பன்றிக்கு நாலு கால் என்பது வேறு விஷயம்.

அந்தக் காட்டில் வளையோ பொந்தோ புற்றோ, எதை வாங்குவதென்றாலும் தரகர் பேச்சிமுத்துவிடம்தான் போக வேண்டும். பேச்சிமுத்து ஓர் ஓணான். எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவார். "இடம் மேடுதானே?" என்று கேட்டால் ஆட்டுவார். "பள்ளமோ?" என்று கேட்டால் அதற்கும் ஆட்டுவார். பின்னால் தகராறு என்று வந்தால், "நான் எப்ப சரின்னு சொன்னேன்?" என்று நைசாகக் கழன்றுகொள்வார்.

"அருமையான வளை ஒண்ணு கைவசம் இருக்கு தாயி. உங்களுக்குன்னே வெட்டி வச்ச மாதிரி" என்றார் பேச்சிமுத்து. இதை அவர் எல்லாரிடமும் சொல்வார்.

உச்சி வெயிலில் இருவரையும் அழைத்துப்போய்க் காட்டினார். செம்மண் மேட்டில், காரைப் புதருக்குப் பின்னால், அழகான வளையின் வாய் ஒன்று தெரிந்தது. பூவாயிக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. ஆனால் அதை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"உள்ள போய்ப் பாக்கலாமா?" என்று கேட்டாள்.

"ஐயையோ, அந்தத் தப்ப மட்டும் பண்ணிடாதீங்க" என்றார் தரகர். "வளைக்குச் சொந்தக்காரர் சுருளாண்டின்னு ஒரு அழுங்கு, எறும்புதின்னி. உடம்பு பூரா இரும்புச் செதில். உள்ள தூங்குறாரு. எழுப்பினா வாலால ஒரே அடி, அவ்வளவுதான். எது பேசறதா இருந்தாலும் எங்கிட்டப் பேசுங்க. நான் பக்குவமா சொல்லிக்கிறேன்."

காத்தமுத்து இரண்டடி பின்வாங்கினான். "நீங்களே பேசி முடிச்சிருங்கண்ணே. என்ன கேக்குறாரு?"

"நீங்க இந்த வருஷம் சேத்து வச்சிருக்கிற கிழங்கு பூராவும் கேக்குறாரு. கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனா சாயங்காலம் ஒரு உடும்பு பார்ட்டி பாக்க வருது. அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

சொல்லிவிட்டு, தரகர் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டார். "அது சீக்கிரம் அழுகுற கிழங்குதானே?"

கிழங்கை விலையாக வாங்குகிறவர் யாராவது அழுகுமா என்று ஆசையாகக் கேட்பார்களா? பூவாயிக்கு அது நெருடியது. காத்தமுத்துவோ அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், மறுநாளே பேரத்தை முடித்துவிடலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்தும் பூவாயிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஏங்க, கிழங்கெல்லாம் குடுத்துட்டா மழைக் காலத்துல நாம என்ன தின்கிறது? பிள்ள பெத்தவ பட்டினி கிடந்தா பால் எப்படி ஊறும்?"

"வளை வேணும்னு நீதான புள்ள ஒத்தக்கால்ல நின்ன?"

"வளை வேணும்தான். அதுக்காக உள்ள பாக்காமயே வாங்குறதா? நான் ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்."

காத்தமுத்து தடுத்துப் பார்த்தான். அவளா கேட்பாள்? பொழுது சாயும் நேரத்தில் தனியாகக் கிளம்பிவிட்டாள்.

வளைவாயில் தலையை நீட்டியதும் உள்ளே சரசரவென்று செதில்கள் உரசும் சத்தம் கேட்டது. பயத்தில் பூவாயியின் உடம்பில் இருந்த முள்ளெல்லாம் விறைத்து நின்றன. உள்ளே இருந்த உருவமோ அவளைப் பார்த்த அடுத்த கணமே சுருண்டு பந்தாகிவிட்டது.

பந்துக்குள்ளிருந்து நடுங்கிய குரல் ஒன்று வந்தது.

"எய்துடாதீங்க தாயி. நான் நாளைக்கே காலி பண்ணிடறேன்."

"எய்யறதா? எதை?"

"முள்ளத்தான். நீங்க கோவக்காரங்களாம், தூரத்துல நின்னே முள்ள எய்வீங்களாம். நேர்ல போய் நிக்காதீங்க, எது பேசறதா இருந்தாலும் எங்கிட்டப் பேசுங்கன்னு தரகர் சொன்னாரு."

பூவாயிக்குப் பயம் போய்ச் சிரிப்பு வந்தது. "முள்ளு தானா உதிர்ந்தாத்தான் உண்டுங்கய்யா. எனக்கு எய்யவெல்லாம் தெரியாது. நீங்க வாலால அடிச்சே கொன்னுடுவீங்கன்னுல்ல எங்ககிட்டச் சொன்னாரு!"

பந்து மெல்லப் பிரிந்தது. உள்ளேயிருந்து கூரிய மூக்கும் இரண்டு சின்னக் கண்களும் எட்டிப் பார்த்தன. "நானா? நான் கறையானையே மெதுவா நக்கித்தான் தாயி தின்பேன்."

"அப்ப கிழங்கு? எங்க கிழங்கு பூராவும் வேணும்னு கேட்டீங்களாமே?"

சுருளாண்டி வாயைத் திறந்து காட்டினார். ஒரு பல் இல்லை. அழுங்குக்குப் பிறவியிலேயே பல் கிடையாது. "கிழங்க வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? அக்கரையில என் மக இருக்கா. ஆத்துல வெள்ளம் வர்றதுக்குள்ள அங்க போயிடணும். வழியில சிறுத்தை நடமாட்டம் ஜாஸ்தி. ஆத்தங்கரை வரைக்கும் யாராவது துணைக்கு வந்தாப் போதும், வளையை அவங்களுக்கே விட்டுடறேன்னு தரகர்கிட்ட அன்னைக்கே சொன்னேனே. துணைக்கெல்லாம் யாரும் வரமாட்டாங்கன்னு சொல்லிட்டாரு."

பூவாயிக்கு இப்போது எல்லாம் விளங்கியது. கிழங்கு கேட்டது தரகரே தனக்காகத்தான். குவித்த கிழங்கு அழுகினால் ஈ மொய்க்கும். ஈ மொய்த்தால் ஓணானுக்கு மழைக்காலம் முழுக்க விருந்து. தன் குட்டி பாலில்லாமல் கிடக்க, அந்த ஆள் உட்கார்ந்த இடத்தில் ஈ பிடித்துத் தின்பதற்கா இத்தனை ஏற்பாடு? அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் வந்த வேலையை அவள் மறக்கவில்லை.

"ஐயா, மறைக்காமச் சொல்லுங்க. வளையில ஏதாவது குறை உண்டா?"

"ஒண்ணு உண்டு தாயி. பின்பக்கம் ஒரு வாய் இருக்கு. முதல் மழைக்கு மேட்டுத் தண்ணி அது வழியாத்தான் உள்ள வரும். மழைக்கு முன்னாடி குழைச்ச செம்மண்ணால அதை அடைச்சிடணும். அடைச்சிட்டா ஒரு சொட்டு வராது. அதச் சொன்னா வாங்க மாட்டாங்கன்னு தரகர்தான் என் வாயை அடைச்சாரு."

சுருளாண்டி அவளை உள்ளே அழைத்துப்போய் ஒவ்வொரு மூலையாகக் காட்டினார். வளை உலர்ந்து, கதகதப்பாக இருந்தது. துணைக்கு நாங்கள் வருகிறோம் என்று பூவாயி சொன்னபோது சுருளாண்டி இரண்டு முன்னங்கால்களையும் கூப்பிக் கும்பிட்டார்.

அதற்காக அன்றே குடியேறிவிட முடியுமா? முடியாது. காட்டில் ஒரு முறை உண்டு. மூன்று பேருமாக ஓர் அகன்ற தேக்கிலையைச் சுற்றி உட்கார வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் இலைக்கு அடியில் ஆளுக்கொரு முன்னங்காலை நீட்ட, தரகர் விரலை அழுத்தி அழுத்தியே விலை பேசுவார். வெளியே யாருக்கும் தெரியாது. இருவர் சம்மதமும் கிடைத்தபின் தரகர் தலையாட்டினால், மேலே இருக்கும் மரங்கொத்தி மரத்தில் ஒரு கொத்துக் கொத்தி அடையாளம் வைக்கும். கொத்து விழுந்துவிட்டால் சிங்கமே வந்தாலும் மாற்ற முடியாது. தரகர் தலையாட்டாவிட்டால் கொத்தும் விழாது, வளையும் கைமாறாது.

பேரம் முடியுமுன் தலை தன் பாட்டுக்கு ஆடிவிடக் கூடாதே என்று, பேச்சிமுத்து அந்த நேரத்தில் மட்டும் தாடையை ஒரு கல்லின்மேல் அழுத்தி வைத்துக்கொள்வார். பூவாயியும் சுருளாண்டியும் இதையெல்லாம் பேசிவைத்துக்கொண்டுதான் பிரிந்தார்கள்.

மறுநாள் இலை விரிக்கப்பட்டது. ஒரு பக்கம் பூவாயியும் காத்தமுத்துவும், எதிர்ப்பக்கம் சுருளாண்டி. நடுவில் பேச்சிமுத்து கல்லின்மேல் தாடையை வைத்துக்கொண்டு, இலைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். எந்தக் காலும் அகப்படவில்லை. ஏனென்றால் பூவாயியும் சுருளாண்டியும் ஒருவர் காலை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க ரெண்டு பேருக்கும் பேரம் முடிஞ்சிருச்சு" என்றாள் பூவாயி, மரங்கொத்திக்கும் கேட்கும்படி. "ஐயாவை ஆத்தங்கரை வரைக்கும் பத்திரமாக் கொண்டுபோய் விடணும். அதுதான் வளைக்கு விலை. கிழங்கு கிடையாது."

"ஆமா, எனக்குச் சம்மதம்" என்றார் சுருளாண்டி. இந்த முறை அவர் சுருளவே இல்லை.

தரகருக்கு முகம் கறுத்துவிட்டது. ஆனாலும் சமாளித்துக்கொண்டு, தாடையை இன்னும் அழுத்தமாகக் கல்லில் பதித்தார். "நீங்களே பேசிக்கிட்டா ஆச்சா? தரகன் தலையாட்டணுமில்ல? நான் ஆட்ட மாட்டேன். என்ன பண்ணுவீங்க?"

பூவாயி பெருமூச்சு விட்டாள். "நியாயம்தான். உங்க சம்மதம் இல்லாம என்ன நடக்கும்? இந்தக் காட்டுல உங்கள விட்டா வேற யாருக்குத் தரகுத் தொழில் தெரியும்? யானைக் கூட்டமே வலசை போற வழிய உங்ககிட்டத்தான் கேட்டுக்கிட்டுப் போகுதாமே?"

கல்லிலிருந்து தாடை லேசாக எழும்பியது.

"புலிக்குக் குகை பாத்துக் குடுத்ததும் நீங்கதானாமே?"

யாரும் இதுவரை பேச்சிமுத்துவிடம் இவ்வளவு பெரிய பொய்யை இவ்வளவு மரியாதையாகச் சொன்னதில்லை. தாடை முழுவதும் எழும்பியது. கழுத்து உப்பிச் சிவந்தது. தலை ஒருமுறை ஆடியது. பிறகு நிற்காமல் ஆடியது.

டொக்! மரங்கொத்தி மரத்தில் ஒரு கொத்துப் போட்டது.

"இரு, இரு, நான் அதுக்கா தலையாட்டினேன்?" என்று தரகர் கத்தினார். கத்தும்போதும் தலை ஆடிக்கொண்டேதான் இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த காத்தமுத்து முள்ளெல்லாம் குலுங்கச் சிரித்தான்.

பூவாயி நல்ல கிழங்காக ஒன்றைப் பொறுக்கி எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "உங்களாலதான் வளை இருக்கிற இடம் தெரிஞ்சுது. அதுக்கான தரகு இது. வச்சுக்குங்க."

அன்று மாலையே மூவரும் ஆற்றை நோக்கி நடந்தார்கள். முன்னால் பூவாயி, பின்னால் காத்தமுத்து, நடுவில் சுருளாண்டி. வழியில் சிறுத்தை ஒன்று புதரிலிருந்து எட்டிப் பார்த்தது. முன்னும் பின்னும் விறைத்து நின்ற முட்களைக் கண்டதும், வேறு எதையோ தேடி வந்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது. ஆற்றில் தண்ணீர் குறைவாகத்தான் ஓடியது. அக்கரையில் மகள் காத்துக்கொண்டிருந்தாள்.

"பின்வாயை மறந்துடாதீங்க தாயி" என்று சொல்லிவிட்டுச் சுருளாண்டி தண்ணீரில் இறங்கினார்.

பூவாயி மறப்பாளா? திரும்பி வந்ததும் முதல் வேலையாகச் செம்மண்ணைக் குழைத்து இருவருமாகப் பின்வாயை அடைத்தார்கள். மண் காய்ந்து இறுகியது. கிழங்கெல்லாம் ஒரு மூலையில் பத்திரமாக ஏறியது. குட்டியும் நல்லபடியாகப் பிறந்தது.

பிறகு ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மேட்டுத் தண்ணீர் இரைச்சலோடு ஓடிவந்து, அடைத்த மண்ணில் மோதி, வேறு பக்கம் திரும்பிப் போனது. வெளியே பேச்சிமுத்து காரைப் புதரில் நனைந்தபடி, தரகாகக் கிடைத்த கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அழுகவில்லை. முன்னமே விழுந்த தூறல்களில் முளைத்துக் கொடியாகிவிட்டிருந்தது. ஓர் ஈகூட வரவில்லை.

பூவாயி உள்ளே குட்டியின் பிஞ்சு முட்களைத் தடவிப் பார்த்தாள். முதுகைத் தொட்டாள், வயிற்றைத் தொட்டாள். எங்கும் ஈரமே இல்லை. பால் குடித்த குட்டி கதகதப்பாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

நீதி: வீடு வாங்கப் போகிறவர், தரகர் பேச்சைக் கேட்பதோடு நின்றுவிடாமல், வீட்டின் உட்புறத்தையும் விற்பவரின் முகத்தையும் தாமே பார்த்துவிட வேண்டும்.