சும்மா கிடந்த ஐந்தாவது கம்பி

திண்டுக்கல்லில் கச்சேரிக் குழு நடத்தும் தனகோபால், தன்னைத்தானே 'இசைக்கடல்' என்று போஸ்டர் அடித்துக்கொண்ட பாடகர். எதிர்க் குழுவிடம் ஐந்து கம்பி பேஸ் கிட்டாரைப் பார்த்ததும் தானும் ஒன்று வாங்கிவிட்டார்.

வாசிக்க வேண்டியவன் லூர்து. நாலு கம்பியிலேயே பழகின கை. புதிதாக மேலே வந்து உட்கார்ந்த தடிக்கம்பி, தொடாதபோதும் உறுமியது. கடைசியில், கட்டைவிரலை அதன்மேல் சாய்த்து அடக்கிக்கொண்டே மற்ற கம்பிகளை வாசிக்கப் பழகினான்.

அது தனகோபால் கண்ணில் பட்டது.

"உன் விரல் படுத்துத் தூங்கவா கம்பி வாங்கிக் குடுத்தேன்? இன்னிக்கு விரல் அங்க இருந்துச்சுன்னா, நாளைக்கு வாசிக்க வேற ஆளு வருவான்."

"சரிங்கண்ணே" என்று விரலை எடுத்துவிட்டான் லூர்து.

அன்று மாலை கல்யாண வரவேற்பு. தனகோபால் குரலை இறக்கிப் பாட, கூடவே லாரி கிளம்புகிற மாதிரி ஓர் உறுமல். பந்தியில் டம்ளர்கள் ஆடின. மாப்பிள்ளையின் அப்பா மேடைக்கே வந்துவிட்டார்.

தனகோபால் பாட்டை நிறுத்தினார். "ஏன்டா அந்தக் கம்பியையே அடிக்கிற?"

லூர்து இரண்டு கைகளையும் தூக்கினான். "நான் தொடவே இல்லண்ணே. உங்க குரல் ஸ்பீக்கர்ல வந்தா அதுவா அதிருது. பாடிப் பாருங்க."

தனகோபால் ஒரு வரி பாடினார். கம்பி உறுமியது. வாயை மூடினார். அடங்கிவிட்டது.

மாப்பிள்ளையின் அப்பா கைகூப்பினார். "இப்ப நல்லா இருக்குங்க. இப்படியே இருக்கட்டும்."

அடுத்த பாட்டுக்கு முன்னால் இசைக்கடலே இறங்கி வந்து, லூர்துவின் கட்டைவிரலைப் பிடித்து அந்தக் கம்பியின்மேல் படுக்க வைத்தார்.