இடது கையில் ஆறு, வலது கையில் முப்பத்தொன்று

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சிஷ்யைக்கு ஐம்பத்தொன்று. முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துவிட்டு வரலாம், கதை காத்திருக்கும்.

குருவின் பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடியிலிருந்து அந்தமானுக்குப் பிழைக்கப் போன குடும்பத்தில் பிறந்தவள். ஹேவ்லாக் தீவில், முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போய் வரக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில்.

சிஷ்யை வடிவாம்பாள் மதுரைக்காரி. ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் இருபத்தாறு வருடமாக வேலை. போன வருடமும் இங்கே வந்திருந்தாள். நாலாவது மீட்டரில் பயந்துபோய், மேலே ஏறி, அப்படியே ஊருக்குத் திரும்பிவிட்டாள். கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்திருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். அவர்கள் ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதல்தான் அவளை இந்த வருடம் மறுபடி விமானம் ஏற்றியது.

நாலு டைவ் ஒழுங்காக முடித்தால் சான்றிதழ், அப்போதுதான் டைவர் என்ற பெயர். முதல் நாள் பயிற்சிக் குளத்திலேயே வடிவாம்பாள் கேட்டுவிட்டாள்.

"புதுசா கத்துக்கறவங்க எந்த கம்ப்யூட்டர் வாங்கலாம் டீச்சர்? ரொம்ப விலை இல்லாம?"

டைவ் கம்ப்யூட்டர் என்பது கைக்கடிகாரம் மாதிரி மணிக்கட்டில் கட்டுவது. கீழே போகப்போக, சுவாசிக்கும் காற்று ரத்தத்தில் கரைந்து சேரும். அளவுக்கு மேல் சேர்த்துக்கொண்டு நேரே மேலே வந்தால் அது குமிழியாகி ஆளை முடக்கிவிடும். இந்த ஆழத்தில் இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று சொல்வதுதான் அந்தக் கருவியின் வேலை. ரத்தத்தோடு குப்பை கொட்டியவளுக்கு இதைப் புரியவைக்க யாரும் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. பதினோரு கருவிகளின் படங்களைக் கைபேசியில் சேர்த்துக் கொண்டுவந்திருந்தாள்.

ஜெசிந்தா வடிவாம்பாளின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டாள்.

"இப்போ படிங்க அக்கா."

ஐந்து கருவிகளின் எண்கள் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தன. மற்றதெல்லாம் கலர் கலராகக் கொசகொசவென்று இருந்தது. கடலுக்கடியில் மூக்குக்கண்ணாடி போட முடியாது.

மறுநாள் இரண்டு டைவ் முடிந்தபிறகு அதே கேள்வியைக் கேட்டாள். ஜெசிந்தா அவள் கையில் ஈரக் கையுறையை மாட்டி, படகுக் கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் கருவியின் பொத்தான்களை அழுத்தச் சொன்னாள். நாலு பொத்தான் வைத்தவை பட்டியலிலிருந்து தாமாகவே உதிர்ந்தன. இரண்டு மிஞ்சின. ஒன்று, ஜெசிந்தாவின் டைவிங் பள்ளி அவளுக்கு இரவலாகக் கட்டிவிட்டிருந்த மாதிரியே, ஒற்றைப் பொத்தானும் பெரிய கறுப்பு எண்களுமாக மலிவானது. இன்னொன்று அவளுடைய இரண்டு மாதச் சம்பளம். விலையை நினைத்தால் தயக்கமாக இருந்தது, ஆனால் ஆசையும் விடவில்லை. கூடத்துக்கு விலை உயர்ந்த இயந்திரம் வந்தால் பழையதை ஓரங்கட்டித்தான் அவளுக்குப் பழக்கம்.

மூன்றாம் நாள் காலை மூன்றாவது டைவ். பதினெட்டு மீட்டர், நாற்பது நிமிடம். பிசகில்லாமல் முடிந்தது.

மேலே வந்து படகில் ஒரு மணி நேர ஓய்வு. மிச்சம் ஒன்றுதான். அந்தக் கடைசி டைவில் சிஷ்யை முன்னால் போக வேண்டும், குரு பின்னால் வருவாள். எங்கே போவது, எப்போது மேலே ஏறுவது, எல்லாம் சிஷ்யையின் முடிவு. உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய குரு விரலைக்கூட அசைக்க மாட்டாள். கெட்டுப்போனால் திருப்பிச் செய்ய நேரமும் கிடையாது. விமானம் நாளை மதியம். டைவ் முடித்து ஒரு நாளாவது தரையில் இருந்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும்.

படகில் இன்னொரு மாணவரும் இருந்தார். கோயம்புத்தூரில் பம்ப்செட் ஆலை வைத்திருக்கும் கிருபாகரன். காலையிலிருந்து கடல் அவரைப் புரட்டி எடுத்ததில் தண்ணீரில் இறங்காமல், படகு விளிம்பைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். அவர் மணிக்கட்டில் பளபளத்தது அந்த இரண்டு மாதச் சம்பளம்.

நல்ல மனுஷன். வடிவாம்பாள் அதைப் பார்த்த பார்வையைப் பார்த்துவிட்டு, தன் கையிலிருந்து கழற்றி நீட்டினார். கட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள், பிடித்தால் இதையே வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். வடிவாம்பாள் மறு பேச்சு பேசாமல் இடது கையில் இருந்த மலிவுக் கருவியைக் கழற்றப் போனாள்.

"அதைக் கழட்டாதீங்க அக்கா," என்றாள் ஜெசிந்தா. "அவரோடதை வலது கையில கட்டிக்கோங்க."

வடிவாம்பாள் அப்படியே கட்டிக்கொண்டாள். இருவரும் இறங்கினார்கள்.

பதினெட்டு மீட்டரில் மணல் தரை. வடிவாம்பாள் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேராக நீட்டிப் பார்த்தாள். இடது கை, இன்னும் இருபத்தேழு நிமிடம் என்றது. வலது கை, ஐம்பத்திரண்டு என்றது. ஆழம் மட்டும் இரண்டிலும் ஒன்றுதான். மலிவுச் சாமான், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பவளப் பாறையைச் சுற்றி நீந்தினாள். பயம் இருந்த இடம் தெரியவில்லை. தன் மூச்சின் சத்தமே அவளுக்குப் பிடித்திருந்தது.

இருபத்தோரு நிமிடம் ஆனபோது ஆமை வந்தது.

போன வருடம் முழுக்க அவள் கைபேசியின் முகப்பில் இருந்தது ஒரு கடலாமையின் படம்தான். இப்போது உயிரோடு ஒன்று, எட்டிப்பிடிக்கும் தூரத்தில், பாறையைக் கொறித்துக்கொண்டு, இவளைச் சட்டையே செய்யாமல் நின்றது. உருளையில் காற்று பாதிக்கு மேல் இருந்தது. வடிவாம்பாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கைகளைப் பார்த்தாள்.

இடது கையில் ஆறு. வலது கையில் முப்பத்தொன்று.

திரும்பி குருவைப் பார்த்தாள். குரு கையைக் கட்டிக்கொண்டு மிதந்தாள். கண்ணாடிக்குள் அந்தக் கண்களில் ஒரு தகவலும் இல்லை.

முப்பத்தொன்றை நம்ப வடிவாம்பாளுக்கு அத்தனை ஆசையாக இருந்தது. அந்த ஆசையைத்தான் அவள் முதலில் சந்தேகப்பட்டாள். கூடத்தில் ஒரே ரத்தத்துக்கு இரண்டு இயந்திரம் இரண்டு எண் சொன்ன நாட்கள் உண்டு. அன்றைக்கெல்லாம் நல்ல எண்ணைச் சொல்லி நோயாளியை அவள் வீட்டுக்கு அனுப்பியதில்லை. கெட்டதை உண்மை என்று வைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு பார்ப்பாள். எந்த இயந்திரம் விலை கூடியது என்று அந்த நேரத்தில் யோசித்ததே கிடையாது. இங்கே நோயாளி அவளேதான்.

ஆமையை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு குருவுக்கு நேராகக் கையை நீட்டிப் பெருவிரலை நிமிர்த்தினாள்.

கடலுக்கடியில் நிமிர்ந்த பெருவிரலுக்குப் பிரமாதம் என்று பொருளில்லை. மேலே போகிறோம் என்று பொருள். யார் காட்டினாலும் அதற்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

ஐந்தாவது மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, நிதானமாக ஏறினார்கள். தலை வெளியே வந்ததும் வெயில் சுள்ளென்று முகத்தில் அடித்தது.

படகில் ஏறியதும் வடிவாம்பாளுக்கு, அவசரப்பட்டு ஏறிவிட்டோமோ, மறுபடியும் பயந்தாங்கொள்ளிப் பட்டம்தானோ என்று மனம் அடித்துக்கொண்டது. சான்றிதழைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. அதனால் கருவியைப் பற்றிக் கேட்டாள்.

"ரெண்டும் ரெண்டு விதமா சொல்லுச்சு டீச்சர். எது பொய்?"

"ரெண்டும் பொய் சொல்லலக்கா."

"அதெப்படி?"

ஜெசிந்தா அவள் வலது கையைத் தொட்டாள்.

"காலையில நீங்க நாப்பது நிமிஷம் கீழ இருந்தீங்கல்லா. அப்போ இது எங்க இருந்துச்சு?"

வடிவாம்பாள் திரும்பி கிருபாகரனைப் பார்த்தாள். அவர் இன்னும் படகு விளிம்பை விட்டபாடில்லை.

காலையில் சேர்ந்த காற்று ஒரு மணி நேர ஓய்வில் முழுக்கப் போய்விடவில்லை. மிச்சம் அவள் ரத்தத்தில் இருந்தது. இடது கையில் இருந்த மலிவுச் சாமானுக்கு அது தெரியும், கூடவே வந்தது அல்லவா? வலது கையில் இருந்த சீமைச் சரக்குக்கு அவள் அப்போதுதான் முதன்முதலாகத் தண்ணீரைப் பார்க்கிறவள்.

வடிவாம்பாளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மெல்லத்தான் சிரித்தாள். பிறகு அடக்க முடியவில்லை. ஈரம் சொட்டச் சொட்ட, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, படகோட்டி திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். கைபேசியை எடுத்து, மிஞ்சியிருந்த இரண்டு படங்களில் ஒன்றை அழித்தாள். விலை கூடியதைத்தான் அழித்தாள்.

கருவியைக் கழற்றி கிருபாகரனிடம் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்தேகம் இப்போது அவருக்குத் தொற்றியிருந்தது. வெளுத்த முகத்தோடு ஜெசிந்தாவை நிமிர்ந்து பார்த்தார்.

"டீச்சர், நாளைக்கு நான் இறங்குவனுங்க. காலைல உங்க பள்ளிக்கூடத்துது ஒண்ணு, மத்தியானம் இதுன்னு மாத்திக் கட்டிக்கிட்டா ஆகாதுங்களா?"

ஜெசிந்தா ஈரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்.

"என்னை ஏன் சார் கேக்கீங்க? அதான் பக்கத்துல டைவர் ஒருத்தர் உக்காந்திருக்காங்கல்லா. அவங்ககிட்ட கேளுங்க."