பன்னிரண்டாம் கட்டிலும் புது வார்த்தைகளும்

"நாலாயிரம் வார்த்தை மனப்பாடம் மிஸ். ஆனா அதுல பத்து சேர்ந்து வாக்கியமா வந்து நின்னா ஒண்ணும் பிடிபட மாட்டேங்குது."

லில்லி புஷ்பத்துக்கு வயது நாற்பத்து நாலு. நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மிஸ் என்று அவள் கூப்பிட்ட நஸ்ரினுக்கு இருபத்தாறு. செல்போன் கடை மாடியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறாள்.

வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று லில்லி புஷ்பத்துக்கு வேலை தரத் தயாராக இருந்தது. இங்கிலீஷ் பரீட்சையில் மட்டும் தேற வேண்டும். இரண்டு தடவை தோற்றாயிற்று. அடுத்த மாதம் நாற்பத்தைந்து ஆகிவிடும், அதற்குப் பிறகு அங்கே எடுக்கமாட்டார்கள். வரும் சனிக்கிழமையை விட்டால் வேறு சனிக்கிழமை இல்லை.

"போன தடவை எங்க நின்னுச்சு?"

"மூணாவது வரியில மிஸ். ஒரு வார்த்தை தெரியல. அது என்னன்னு யோசிச்சேன். மணி அடிச்சுட்டாங்க."

"நோட்டைக் கொடுங்கக்கா."

லில்லி புஷ்பம் கொடுத்தாள். நாலாயிரம் வார்த்தை, எதிரே நாலாயிரம் அர்த்தம். சிவப்பு மையில் அடிக்கோடு வேறு. ஏட்டுச் சுரைக்காய்தான், ஆனாலும் அழகான சுரைக்காய்.

நஸ்ரின் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

"மிஸ், பரீட்சைக்கு மூணு நாள்தான் இருக்கு."

"நாளைக்கு உங்க வார்டுக்கு வர்றேன்."

லில்லி புஷ்பத்துக்குக் கோபம் வந்தது. தன்னைவிடப் பதினெட்டு வயது சின்னவளிடம் அதை எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் படியிறங்கிப் போனாள்.

மறுநாள் நாலு மணி, பார்வையாளர் நேரம். லில்லி புஷ்பம் அப்போதுதான் டியூட்டிக்கு வந்திருந்தாள். நஸ்ரின் நர்ஸ் மேஜையருகே நின்று பன்னிரண்டாம் கட்டிலைப் பார்த்தாள். அதைச் சுற்றி நாலு பேர்.

"அவங்கள்லாம் யாரு?"

"தெரியாது மிஸ். கேஸே இன்னைக்குக் காலையிலதான் வந்திருக்கு."

"மருந்துச் சீட்டை யார் கையில கொடுப்பீங்க?"

"நீலச் சட்டைகிட்ட."

"ஏன்?"

"பைக் சாவிய இன்னும் பையில போடல பாருங்க. விரல்ல சுத்திக்கிட்டு நிக்கான்."

"ஆபரேஷன்னு டாக்டர் சொல்லிட்டா?"

"சுவரோரம் நிக்குற அந்தப் பெரியம்மாகிட்டதான் பேசணும். மத்தவங்க வாயத் திறக்குறதுக்கு முன்னாடி அவங்க முகத்தப் பார்த்துக்கிடுதாங்க."

"ராத்திரி துணைக்கு?"

"அந்தப் பச்சைச் சுடிதார். பாயக் கட்டிலுக்கு அடியில சொருகிட்டு, செருப்பையும் அங்கனயே விட்டிருக்கா."

"ஹார்லிக்ஸ் பாட்டிலோட நிக்கிறவர்?"

லில்லி புஷ்பம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அவருக்கு இங்க ஒரு சோலியும் இல்ல. பார்க்க வந்தவர். இப்ப கிளம்பிருவார்."

அவர் பாட்டிலை அலமாரியில் வைத்தார். நோயாளியின் காலை ஒரு தடவை தொட்டார். கிளம்பிவிட்டார்.

நஸ்ரின் கைப்பையிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். அதில் ஒரே ஒரு இங்கிலீஷ் வாக்கியம்.

லில்லி புஷ்பம் எழுத்துக்கூட்டினாள். "தி நர்ஸ் ஸ்லோலி பிளார்க்டு தி டோமில் அண்ட் வென்ட் ஹோம்."

நின்றாள். கை தன்னால் நோட்டைத் தேடி மேஜைமேல் துழாவியது.

"ரெண்டு வார்த்தை தெரியல மிஸ்."

நஸ்ரின் பன்னிரண்டாம் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லில்லி புஷ்பமும் பார்த்தாள். நீலச் சட்டை இன்னும் சாவியைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவன் பேர் தெரியாது, சோலி தெரியும்.

அவள் குனிந்து தாளை மறுபடி படித்தாள். இந்தத் தடவை எங்கும் நிற்கவில்லை.

"பிளார்க்டு, அது நர்ஸ் பார்த்த சோலி. செஞ்சு முடிச்சாச்சு. நிதானமா செஞ்சிருக்கா. டோமில்ங்கிறது ஏதோ சாமான். அது மேலதான் அந்தச் சோலி நடந்திருக்கு. முடிச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன மிஸ். அடுத்த வரிக்குப் போகலாம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. சந்தோஷம்தான்.

ஆனாலும் நாலாயிரம் வார்த்தை சேர்த்த கை சும்மா இருக்குமா? பேனாவைத் திறந்தாள்.

"அந்த ரெண்டுக்கும் அர்த்தத்த மட்டும் சொல்லிருங்க மிஸ். எழுதி வச்சுக்கிடுதேன்."

"எனக்கும் தெரியாதுக்கா," என்றாள் நஸ்ரின். "ரெண்டும் காலையில டீ குடிச்சுக்கிட்டு நானே உண்டாக்கினது."