துப்பாக்கி ஒண்ணு, குதிரை ரெண்டு

பலவேசம் மாமா சொன்னதை நான் கூட்டி எழுதவில்லை. குறைத்துத்தான் எழுதுகிறேன். குறைத்தும் இவ்வளவு இருக்கிறது.

என் நாத்தனார் பிரமு துப்பாக்கி சுடும் போட்டிக்கு நேபாளம் போகவேண்டும். வள்ளியூரிலிருந்து வேனிலேயே போவதாக அவள் டீமில் முடிவு செய்துவிட்டார்கள். துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கிறது. இரண்டு அரசாங்கத்தின் அனுமதியும் வந்துவிட்டது. அத்தையின் அனுமதிதான் வரவில்லை.

"பார்டர்ல துப்பாக்கியோட பிடிச்சு உள்ள வச்சுட்டா யாரு போய் மீட்டுட்டு வாரது? விவரமான டிரைவர் கிடைச்சாப் போ. இல்லன்னா வீட்டுல கிட" என்று சொல்லிவிட்டார். நாள் நெருங்க நெருங்க பிரமுவுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் பலவேசம் மாமா வேன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வந்தார். அத்தைக்கு அவர் கொழுந்தன், வேன் ஓட்டுகிறவர்.

"நான் எதுக்கு மதினி இருக்கேன்? நேபாளம் எனக்கு நம்ம நாங்குநேரி மாதிரி. லண்டனுக்கே ரோட்டு வழியா துப்பாக்கி கொண்டுபோனவன் நான். எல்லாம் சட்டப்படி."

"லண்டனுக்கு எதுக்கு?" என்றார் அத்தை.

"மலைமேல ஒரு எஸ்டேட் முதலாளியோட ரெட்டைக்குழல் துப்பாக்கி. அதைப் பழுது பாக்க அங்கதான் ஆள் இருக்கான். அம்பாசிடர்ல கெளம்பிட்டேன். மொத பார்டர்ல ஆபீசர், என்ன கொண்டுபோறன்னு கேக்கான். பொய் சொல்லலாமா? துப்பாக்கி ஒண்ணு, குதிரை ரெண்டு, மருந்து ஒரு டப்பான்னேன்."

துப்பாக்கியில் தோட்டாவை அடிக்கிற கொண்டிக்குக் குதிரை என்றுதான் பெயராம். ரெட்டைக்குழலுக்கு அது இரண்டு. மருந்து என்பது வெடிமருந்து. பிரமு என் காதோரம் சொன்னாள்.

"மொழிபெயர்க்க நின்னவன் நம்ம பக்கத்து ஆளுதான், ஆனா துப்பாக்கியக் கண்ணால பாத்தது கிடையாது. நாலு கால் குதிரைன்னு சொல்லிட்டான். ஆபீசர் காரைச் சுத்திச் சுத்தி வாரான், டிக்கியத் தெறக்கான், குதிரை எங்கங்கான். துப்பாக்கிக்குள்ள இருக்குன்னேன். குழல்ல ஒரு கண்ணை வச்சுப் பாத்தான். ரெண்டும் தூங்குது போல, எழுப்பாதன்னு சொல்லி சீல் குத்திட்டான்."

"அவ்வளவு லேசா விட்டானாக்கும்" என்றார் அத்தை.

"எங்க விட்டான்? அடுத்த நாட்டுல குதிரைக்கு ஊசி போட்டாத்தான் உள்ள போகலாமாம். மாட்டு டாக்டர் வந்து துப்பாக்கிக் கட்டையில ஓங்கி ஒரு குத்து. அன்னைக்கே காய்ச்சல் கண்டுட்டு. குழலைத் தொட்டா சுடுது."

"துப்பாக்கின்னா சுடத்தான செய்யும் சித்தப்பா" என்றாள் பிரமு.

"நீ சும்மா இரு பிள்ள. ஈரத்துணி போட்டுப் போட்டு எடுத்துல்லா போனேன்."

அத்தையின் முகம் இறுகிக்கொண்டே வந்தது. பிரமு என்னைப் பார்த்தாள், எப்படியாவது இவரை நிறுத்துங்க என்பதுபோல. நான் என்ன செய்ய? என் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தால் சிரித்துவிடுவேன்.

"துருக்கியில மருந்தைப் பிடிச்சுக்கிட்டான். மருந்து இருக்கு, சீக்காளி எங்கங்கான். நான்தான்னேன். அப்ப என் முன்னால குடின்னுட்டான். சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா? மோர்ல கரைச்சு டப்பாவக் காலி பண்ணினேன். ஒரு ஏப்பம் விட்டேன் பாருங்க, ரோட்டுல போட்டிருந்த தடுப்புக் கம்பு தானா மேல போயிட்டு. பின்னால நின்ன லாரிக்காரன் எல்லாம் என்னையக் கும்பிட்டுட்டுப் போறான்."

"அதுக்குப் பிறகு பீடி குடிச்சீரா?" என்றார் அத்தை.

"பீடியா? லண்டன் போய்ச் சேருற வரைக்கும் வாய்ப் பக்கம் தீக்குச்சியே கொண்டு போகல்ல."

எனக்கே அது நியாயமாகத்தான் பட்டது.

"லண்டன்லதான் சிக்கல். கணக்குல குதிரை ரெண்டு, எண்ணிப் பாத்தா மூணு. ஒண்ணு ஆணு, ஒண்ணு பொண்ணுன்னு எனக்கு என்ன தெரியும்? வழியெல்லாம் ஒவ்வொரு நாட்டுக்காரனும் புல்லுக்கட்டு வேற குடுத்து விட்டிருக்கான். பெட்டியத் தெறந்தா, ரெட்டைக்குழல் பக்கத்துல ஒண்டிக்கிட்டு ஒரு கைத்துப்பாக்கி. குட்டி. இன்னும் ஈரம் காயல்ல."

"அதுக்கு லைசென்ஸ்?" என்று பிரமுவே வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

"லைசென்ஸ் எதுக்கு? பிறப்புச் சான்றிதழ் வாங்கிட்டேன். எல்லாம் சட்டப்படி."

பிரமு அத்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அம்மா, பேப்பர் எல்லாம் என் கையில இருக்கு. என்ன கேட்டாலும் நான் பேசிக்கிடுதேன். சித்தப்பா வண்டிய மட்டும் ஓட்டட்டும்."

அவள் குரல் அழுகிற மாதிரி ஆகிவிட்டது. அத்தை கொஞ்சம் இளகினார்.

"சரி. பார்டர் வந்ததும் கொழுந்தனார் வண்டிய நிறுத்திட்டு, பின் சீட்ல படுத்துத் தூங்கணும். குதிரைங்கிற பேச்சே வரக்கூடாது. அப்படின்னா அவரே ஓட்டட்டும்."

மாமா தலையை ஆட்டிவிட்டு எழுந்து போயிருக்கலாம். கதவு வரைக்கும் போகவும் செய்தார். அங்கே நின்று திரும்பினார்.

"தூங்குறது ஒரு காரியமா மதினி? பர்மாவுக்கு நான் தூங்கிக்கிட்டேதான ஓட்டினேன். ஸ்டியரிங்கத் தொடவே இல்ல."

அத்தை சேலையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"பிரமு, நீ போயிட்டு வா. வேற டிரைவருக்குப் போனைப் போடு."