மற்றவை என்றே போடுங்கள்

திருப்பூரில் ஒரு குரு இருந்தார். பெயர் தவமணி. சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட வயதில் மூத்தவர்கள். குரு என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது என்பதால் டீச்சர் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலக மாடியில், விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் லினக்ஸ் என்ற இலவச மென்பொருளைச் சொல்லிக்கொடுப்பார். காசு வாங்குவதில்லை. அரட்டையும் கிடையாது.

சீடர்களிலேயே பிடிவாதக்காரர் சென்னியப்பன். எம்பிராய்டரி பட்டறை வைத்திருப்பவர். ஒருமுறை வைரஸ் புகுந்து பட்டறைக் கணினிகள் எல்லாம் படுத்துவிட்டன. அன்றைக்கு விண்டோஸைத் தூக்கிப் போட்டுவிட்டு லினக்ஸுக்கு வந்தவர், பிறகு திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரே ஒரு குறை. துணியில் தைக்கிற பூவையும் படத்தையும் கணினியில் வரைந்து தரும் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும்தான் வருகிறது. கோவைக் கம்பெனி ஒன்று அதைச் செய்கிறது. அதை லினக்ஸில் ஓட வைக்கத் தவமணி ஒரு குறுக்குவழி சொல்லிக்கொடுத்திருந்தார். வகுப்புக்கு வரும் மற்ற பட்டறைக்காரர்களும் அப்படித்தான் ஓட்டினார்கள்.

அந்த மென்பொருளின் அடுத்த பதிப்பில் குறுக்குவழி அடைபட்டுவிடும் என்று தெரிந்தது. அடைபட்டால் பழைய கணினிகளை எல்லாம் மாற்றி, விண்டோஸ் போட்ட புதியவை வாங்க வேண்டும். சென்னியப்பனுக்கு அதற்கு வசதி இல்லை. பட்டறையை மூடுவதைத் தவிர வழியில்லை.

அவர் வகுப்புக்குக் கோபமாக வந்தார்.

“டீச்சர், லினக்ஸுக்கும் ஒரு பதிப்புப் போடுங்கன்னு கம்பெனில கேட்டேனுங்க. என்ன சொன்னாங்க தெரியுங்களா? அவிங்க கஸ்டமர்ல லினக்ஸ் ஆளு ஒருத்தர்கூட இல்லையாம்.”

“நீங்க என்ன சொன்னீங்கண்ணா?”

“குத்துக்கல்லாட்டம் நான் இருக்கறேனே, நான் யாருன்னு கேட்டேனுங்க. எங்க கம்ப்யூட்டர்ல அப்படித்தான் காட்டுதுன்னு போனை வெச்சுட்டாங்க. இவிங்கள எப்படிங்க நம்ப வெக்கறது?”

தவமணி வருகை எடுக்கத் தொடங்கினார். ஒவ்வொரு வகுப்பும் அப்படித்தான் தொடங்கும். எதையும் பார்த்துப் படிக்க மாட்டார். பெயர்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

“சென்னியப்பன்.”

“இருக்கேனுங்க.”

“வரலை,” என்று சொல்லிவிட்டுத் தவமணி அடுத்த பெயருக்குப் போனார்.

அன்றைக்கு வகுப்பு முழுக்க அவர் சென்னியப்பன் பக்கம் திரும்பவே இல்லை. ஐம்பதைத் தாண்டிய மனிதருக்கு இது அவமானம்தான். எல்லாரும் படியிறங்கிப் போன பிறகும் சென்னியப்பன் நகராமல் உட்கார்ந்திருந்தார்.

“நான் என்னங்க தப்புப் பண்ணுனேன்?”

“வாங்க, உங்க பட்டறைக்குப் போலாம்.”

பட்டறையில் தவமணி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“கம்பெனியோட வெப்சைட்டைத் திறங்க.”

சென்னியப்பன் முதலில் திரையின் ஓரத்தில் எதையோ தட்டினார். பிறகுதான் முகவரியை அடித்தார்.

“மொதல்ல என்னமோ தட்டினீங்களே, அது என்னங்கண்ணா?”

“எப்பவும் தட்டறதுதானுங்க. இது விண்டோஸ் கம்ப்யூட்டர்னு வெப்சைட்டுக்குச் சொல்லிரும். இல்லாட்டி உள்ளயே விடாதுங்க.”

“சரி. கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணினா?”

“எந்த விண்டோஸ்னு கேப்பாங்க. விண்டோஸ் பத்துன்னு சொல்லுவோம். லினக்ஸ்னு சொன்னா லைனைக் கட் பண்ணிருவாங்க. அதனால நாங்க எல்லாருமே விண்டோஸ்னுதான்...”

பாதியில் நிறுத்தினார். திரையின் ஓரத்தில் தான் தட்டிய இடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“இதெல்லாம் சொல்லிக்கொடுத்ததே நீங்கதானுங்களே, டீச்சர்.”

“ஆமாங்கண்ணா. நல்லாத்தான் படிச்சிருக்கீங்க,” என்றார் தவமணி.

அந்த வாரமே சோதனை வந்தது. குழந்தைச் சட்டையில் முயல் படம் தைக்கிற ஆர்டர். மறுநாள் கொடுத்தாக வேண்டும். முயல் படக் கோப்பு சிக்கிக்கொண்டு திறக்க மறுத்தது. கம்பெனி எஞ்சினியருக்கு அனுப்பினால் அவர் சரிசெய்து தந்துவிடுவார். சென்னியப்பன் தவமணியை வரச்சொல்லி, அவர் முன்னாலேயே கஸ்டமர் கேருக்குப் போன் போட்டார்.

“எந்த விண்டோஸ் சார் யூஸ் பண்றீங்க?” என்றாள் போனில் ஒரு பெண்.

“விண்டோஸ் இல்லீங்கம்மா. லினக்ஸ்.”

“அது எங்க சிஸ்டத்துல இல்லைங்க சார். விண்டோஸ்னு போட்டுக்கட்டுங்களா? போட்டா உடனே எஞ்சினியருக்குக் கனெக்ட் பண்ணிடுவேன்.”

நல்ல மனதோடுதான் கேட்டாள். சென்னியப்பன் தவமணியைப் பார்த்தார். தவமணி ஒரு முயல் சட்டையை எடுத்து, ஏற்கெனவே தைத்திருந்த காதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போடாதீங்கம்மா.”

“அப்ப ‘மற்றவை’ன்னுதான் சார் போட முடியும். அப்படிப் போட்டா யாரும் உங்களைத் திரும்பக் கூப்பிட மாட்டாங்க.”

“மற்றவைன்னே போடுங்க. பக்கத்துல லினக்ஸ்னும் எழுதிருங்க.”

யாரும் கூப்பிடவில்லை. முயல் ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விட்டது.

“விண்டோஸ்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாய் வெந்தா போயிரும்?” என்று கேட்டார் சென்னியப்பனின் மனைவி வள்ளிநாயகி.

“வெந்துதான் போயிருக்கும்,” என்றார் சென்னியப்பன்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நடந்ததைச் சொன்னார். அன்றைக்கு அவர் பெயரைக் கூப்பிட்டபோது தவமணி “வரலை” என்று சொல்லவில்லை.

பிடிவாதம் ஒட்டுவாரொட்டி நோய் போலிருக்கிறது. வகுப்பில் இன்னொரு பட்டறைக்காரர் போன் போட்டு லினக்ஸ் என்றார். லைனைக் கட் பண்ணினார்கள். மறுபடியும் போட்டார். அப்புறம் இன்னொருவர். வெப்சைட் உள்ளே விடாவிட்டால் வாசலிலேயே நின்று, விடவில்லை என்று புகார் எழுதினார்கள். பயந்துகொண்டு விண்டோஸ் என்றே சொன்னவர்களும் உண்டு. அவர்களைத் தவமணி கடிந்துகொள்ளவில்லை. பெயரைக் கூப்பிட்டு, “வரலை” என்றார். அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு தொடங்கும் நேரத்தில் சென்னியப்பனுக்குப் போன் வந்தது. விடுமுறை என்றும் பாராமல் கம்பெனி மேனேஜரே பேசினார்.

“சார், ‘மற்றவை’ங்கற எடத்துல இதுவரைக்கும் ஒண்ணுமே இருக்காது. இப்ப நிறைஞ்சு கெடக்குது. திடீர்னு இத்தனை பேரு எப்படி லினக்ஸுக்கு மாறினீங்க?”

“யாரும் மாறலீங்க. எப்பவும் இங்கதான் இருந்தோம். பொய் சொல்றதைத்தான் நிறுத்தினோம்.”

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார்.

“லினக்ஸுக்குப் பண்றது நான் மட்டும் முடிவு பண்ற காரியமில்லைங்க. மேல பேசிப் பாக்கறேன். ஆனா இதையெல்லாம் ஆரம்பிச்சது நீங்கன்னு சொல்றாங்க. ஒண்ணு பண்ணலாம். எங்க கணக்குல உங்களை விண்டோஸ்னு மாத்திக்கறேன். புதுப் பதிப்பு போட்ட கம்ப்யூட்டரையே உங்க பட்டறைக்கு அனுப்பிடறேன். பட்டறைக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க சரின்னா போதும்.”

சென்னியப்பன் போனைக் கையால் பொத்திக்கொண்டார். பட்டறை பிழைத்துவிடும். வள்ளிநாயகியும் நிம்மதியாகத் தூங்குவார். ஆசையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

“டீச்சர், எனக்கு மட்டும் கம்ப்யூட்டரே தர்றாங்களாம். என்னங்க சொல்லட்டும்?”

தவமணி அவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் வருகை எடுக்கத் தொடங்கினார். எப்போதும் நடுவில் வருகிற பெயரை அன்றைக்கு முதலில் கூப்பிட்டார்.

“சென்னியப்பன்.”

சென்னியப்பன் போனைப் பொத்தியிருந்த கையை எடுத்தார்.

“இருக்கேனுங்க,” என்றார். “லினக்ஸ்லதான்.”