கையெழுத்துக்கு முன் ஒரு ஜிப்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. லடாக்கில் பணிபுரிந்த என் அறைத்தோழனின் அண்ணன் சொல்லிக் கேட்டது.

துரைக்கண்ணு அங்கே ஒரு ராணுவ முகாமின் தையல்காரர். மறுநாள் நாற்பது வீரர்கள் மலையுச்சிக் காவலுக்குப் புறப்பட வேண்டும். அவர்களுக்கு வந்திருந்த புதிய குளிர் அங்கியின் ஜிப் பிடி மிகச் சிறியது. தடித்த கையுறையோடு அதைப் பிடிக்க முடியாது. கையுறையைக் கழற்றினால் குளிரில் விரலே போய்விடும். ஒவ்வொரு ஜிப்பிலும் கயிறு கட்டித் தருவதாகத் துரைக்கண்ணு சொன்னார்.

அங்கியைத் தேர்ந்தெடுத்த அதிகாரி நரசிம்மன் அன்று அதையே அணிந்து முகாமைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"டெல்லியில நானே போட்டுப் பார்த்து எடுத்தது. ஒரு நூல்கூடச் சேர்க்கக் கூடாது. ஊசி பிடிக்கிறவன் எனக்குப் பாடம் நடத்துறியா?"

"ஐயோ, இல்லீங்க சார். கயிறு வேண்டாம்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. இங்கேயே போட்டுட்டா என் வேலை முடிஞ்சுது."

பேனா அங்கியின் உள்பையில் இருந்தது. சுற்றி நின்ற வீரர்கள் பார்க்கும்போது கையுறையைக் கழற்ற நரசிம்மனுக்கு மனம் வரவில்லை. ஜிப்பைத் தடவினார், நழுவியது. மறுபடியும் தடவினார். கடைசியில் தாடைக்கடியில் இருந்த பிடியைப் பல்லால் கவ்வினார். ஈர உதடு உலோகத்தோடு ஒட்டிக்கொண்டது.

"ம்ம்ம்!"

"இழுக்காதீங்க சார்," என்று துரைக்கண்ணு தன் டம்ளரில் இருந்த வெதுவெதுப்பான டீயை மெல்ல ஊற்றினார். உதடு விடுபட்டது.

நரசிம்மன் வாயைத் துடைத்துக்கொண்டார். "கயிறு எத்தனை மீட்டர் வேணும்?"

"நேத்தே வெட்டி வச்சுட்டேன் சார்."

உதடு அப்படி ஒட்டுமா என்று எனக்குச் சந்தேகம். பிறகு ஒரு மருத்துவரிடம் கேட்டேன். ஒட்டும், வெதுவெதுப்பான நீர் ஊற்றினால் விட்டுவிடும் என்றார். இழுத்தால்தான் தோல் உரிந்து வந்துவிடுமாம்.